ஸ்விட்சில் பாதுகாப்புச் சான்றிதழ்: பினாங்கில் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த வேலை என்றாவது ஒருநாள் உங்கள் தலையில் வந்து விழும். ஆடிட் அறிக்கையில் ‘ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் செல்ஃப்-சைன்ட் சான்றிதழ்’ என்று ஒரு வரி இருக்கும். (சான்றிதழ் என்பது, நீங்கள் திறக்கும் பக்கம் உண்மையிலேயே அந்த ஸ்விட்சுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் மின்னணு அடையாளம். அதில் வேறு யாரும் கையெழுத்திடவில்லை என்பதுதான் புகார்.) மேலாளர் அதற்கு மஞ்சள் கோடு போட்டு உங்களுக்கு அனுப்பிவிட்டு, “சின்ன வேலைதான், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடு” என்பார்.

ஸ்விட்சில் கட்டளை அடிக்கும் வேலை உண்மையிலேயே சின்னதுதான். பழகிவிட்டால் ஒரு ஸ்விட்சுக்குக் கால்மணி நேரம் போதும். அதற்கு முன்னால் வருகிற பெயர், நேரம், அனுமதி, கையெழுத்து விவகாரங்கள்தான் வாரக்கணக்கில் இழுக்கும். கையேடுகளில் கட்டளைகள் எல்லாம் இருக்கின்றன. இந்த முன்வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் அங்கே இங்கே கேட்டு, இடறி விழுந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சிஸ்கோ ஸ்விட்சுகளின் இயங்கு மென்பொருளான ஐஓஎஸ் எக்ஸ்இ. உங்களிடம் இருப்பது அருபாவோ ஜூனிப்பரோ டிபி-லிங்க்கோ, வரிசை இதேதான். கட்டளையும் மெனுவும் மட்டும் மாறும்.

1. எந்தச் சான்றிதழ் என்று முதலில் கேளுங்கள்

‘ஸ்விட்ச் சான்றிதழ்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குள் நாலைந்து விஷயம் இருக்கிறது.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது, பிரவுசரில் ஸ்விட்சின் ஐபி முகவரியை அடித்ததும் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பாக வருகிறதே, அந்த எச்டிடிபிஎஸ் சான்றிதழைத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

எஸ்எஸ்எச்-க்கு, அதாவது கட்டளை அடிக்க ஸ்விட்சுக்குள் நுழையும் பாதுகாப்பான வழிக்கு, இது வேண்டாம். அது தனக்கென்று ஒரு சாவியை வைத்துக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் அங்கே சான்றிதழுக்கு வேலை இல்லை. ஸ்விட்ச் தயாரிக்கப்பட்டபோதே உள்ளே பதித்து அனுப்பிய அடையாளச் சான்றிதழ் ஒன்று சில மாடல்களில் இருக்கும். அதில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது 802.1எக்ஸ், கேபிளைச் செருகுபவர் யார் என்று பார்த்து உள்ளே விடும் முறை. இங்கேதான் நிறையப் பேர் தடம் மாறிப் போகிறார்கள். ஊழியர்களின் லேப்டாப் கேபிளைச் செருகும்போது ‘சர்வர் சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்று வந்தால் அது ஸ்விட்சின் சான்றிதழ் அல்ல, யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வருடையது. ஸ்விட்ச் நடுவில் நின்று இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்விட்சில் எத்தனை சான்றிதழ் ஏற்றினாலும் அந்தப் பிழை போகாது. ரேடியஸையே டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துக்குள் அனுப்பும் ராட்செக் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஸ்விட்சுக்கும் சொந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்: அந்த வெப் பக்கத்தை யாராவது பயன்படுத்துகிறார்களா? எல்லோரும் எஸ்எஸ்எச்-இல்தான் வேலை பார்க்கிறார்கள் என்றால் எச்டிடிபிஎஸ் சேவையையே அணைத்துவிடலாம். சிஸ்கோவில் ‘நோ ஐபி எச்டிடிபி செக்யூர்-சர்வர்’, கூடவே ‘நோ ஐபி எச்டிடிபி சர்வர்’. ஆடிட் வரி அடிபட்டுப் போகும். சான்றிதழும் வேண்டாம், புதுப்பிக்கும் தொல்லையும் வேண்டாம். அணைப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் அந்த ஸ்விட்ச் வழியாக ஓடுகிறதா, மென்பொருள்கள் ஸ்விட்சோடு பேசும் ரெஸ்ட்கான்ஃப் வழியாக ஏதாவது கண்காணிப்பு மென்பொருள் பேசுகிறதா, இரவு ஷிஃப்டில் யாராவது வெப் பக்கத்தை நம்பி இருக்கிறாரா. மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

2. கையெழுத்து யார் போடுவது, செலவு எவ்வளவு

செல்ஃப்-சைன்ட் என்றால் ஸ்விட்ச் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது. காசு செலவில்லை, ஆடிட்டர் ஏற்கமாட்டார். பரிசோதனைக்கூடத்துக்கு மட்டும்.

இரண்டாவது வழி, வெளியே காசு கொடுத்து வாங்குவது. புதிதாக வருகிறவர்கள் நேரே இங்கேதான் போகிறார்கள். ஒரு ரீசெல்லரைக் கூப்பிட்டால் அவரும் சந்தோஷமாக விலைப்பட்டியல் அனுப்பிவைப்பார். வாங்குவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொதுச் சிஏ நிறுவனங்கள் (சிஏ என்றால் சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு) 192.168-இலோ 10-இலோ தொடங்கும் உள் ஐபி முகவரிக்குச் சான்றிதழ் தரக்கூடாது. ‘டாட் லோக்கல்’ மாதிரியான உள்பெயருக்கும் தரக்கூடாது. 2015 நவம்பரிலிருந்து இதுதான் விதி. ஆகவே உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான உண்மையான டொமைனின் கீழ் ஸ்விட்சுக்குப் பெயர் வைத்தாக வேண்டும். அப்படி வைத்து வாங்கினால் அந்தப் பெயர், சான்றிதழ்களை எல்லோர் பார்வைக்கும் வைக்கும் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். ‘மூன்றாவது லைன், கோர் ஸ்விட்ச்’ என்று பொருள்படும் பெயரை ஊரில் உள்ள எவரும் தேடிப் பார்க்கலாம். பாதுகாப்புக்காக வாங்கிய சான்றிதழ் உங்கள் நெட்வொர்க் வரைபடத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஆயுள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். 40 ஸ்விட்ச் இருக்கிற இடத்தில் 47 நாளைக்கு ஒருமுறை கையால் மாற்றுவது என்றால் வருடத்துக்கு 300 முறைக்கு மேல். அதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டியதுதான்.

விலையின் மேல் 8 விழுக்காடு சேவை வரி வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2024 மார்ச்சில் 6-இலிருந்து ஏறியது. வெளிநாட்டு இணையதளத்தில் கார்டு தட்டி வாங்கினாலும் டிஜிட்டல் சேவை வரியாக அது வந்து சேரலாம். நிறுவனத்தின் பெயரோடு வரும் ஓவி வகைச் சான்றிதழ் என்றால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு விவரமும், நிறுவனத்தின் பொதுத் தொலைபேசிக்கு வரும் சரிபார்ப்பு அழைப்பும் உண்டு. ரிசெப்ஷனில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று அவர் வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுச் சிஏ இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான். ஆனால் 90 நாளில் முடியும். டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை) வழியே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான ஸ்விட்சுகளுக்கு அதற்கான ஆக்மி (ACME) நெறிமுறை பேசத் தெரியாது. நிரல் எழுதத் தெரிந்தவருக்குச் சரி, முதல் மாதத்து ஆளுக்கு வேண்டாம்.

கணக்குப் பிரிவில் ஒருவர் யுஎஸ்பி டோக்கனை நீட்டி “நம்மிடம் ஏற்கெனவே டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறதே” என்று சொல்லக்கூடும். அது 1997-ஆம் ஆண்டு டிஜிட்டல் கையொப்பச் சட்டத்தின் கீழ், மனிதர்கள் ஆவணத்தில் கையெழுத்திடுவதற்காகத் தருவது. ஸ்விட்சுக்கு உதவாது.

மூன்றாவது வழி, நிறுவனத்தின் சொந்தச் சிஏ. என் கருத்தில் ஸ்விட்சுக்கு இதுதான் சரி. விண்டோஸ் சர்வர் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே சர்டிஃபிகேட் சர்வீசஸ் என்ற பகுதி உண்டு, தனி உரிமக் கட்டணம் இல்லை. சின்ன இடம் என்றால் எக்ஸ்சிஏ என்ற இலவச மென்பொருளை நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு லேப்டாப்பில் வைத்து நடத்தலாம். ஆயுளை நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் 825 நாளைத் தாண்ட வேண்டாம்; அதற்கு மேல் போனால் ஆப்பிள் கருவிகள், சொந்தச் சிஏ கொடுத்ததாக இருந்தாலும், மறுத்துவிடும். நான் இரண்டு வருடம் என்றுதான் கேட்பேன்.

பினாங்கில் இன்னொரு நிலவரமும் உண்டு. பன்னாட்டு நிறுவனம் என்றால் சிஏ குழு இங்கே இருக்காது; அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்திருக்கும். நீங்கள் காலையில் அனுப்பும் விண்ணப்பத்தை அவர்கள் உங்கள் இரவில்தான் பார்ப்பார்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ஒரு நாள் போச்சு. அதனால்தான் அடுத்த படியில் அவ்வளவு கவனம் வேண்டும்.

3. பெயர்

ஸ்விட்சை எந்தப் பெயரால் பிரவுசரில் கூப்பிடுகிறீர்களோ, அதே பெயர் எழுத்துக்கு எழுத்து சான்றிதழில் இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

முதலில் ஒரு பட்டியல் தயாரியுங்கள்: ஸ்விட்சின் பெயர், மாடல், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, நிர்வாக ஐபி, இருக்கும் இடம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் உள் டிஎன்எஸ்-இல் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு இருக்காது. டிஎன்எஸ் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில் கொடுங்கள். ஒன்றொன்றாகக் கேட்டால் அவர் முகம் சுளிப்பார், நியாயம்தான்.

பழைய கட்டுரைகள் பெயரைக் ‘காமன் நேம்’ என்ற இடத்தில் போடச் சொல்லும். குரோம் 2017-இலிருந்து அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. எஸ்ஏஎன் என்ற மாற்றுப் பெயர்ப் பகுதியில் இருப்பது மட்டும்தான் அதற்குப் பெயர். முழு டொமைன் பெயரை அங்கே போடுங்கள். உங்கள் ஆட்கள் ஐபியைத்தான் அடிப்பார்கள் என்றால் ஐபியையும், ‘ஐபி முகவரி’ என்ற வகையில், சேருங்கள். சொந்தச் சிஏ என்பதால் இது முடியும்.

எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவாக நட்சத்திரக் குறி போட்ட ஒரே வைல்ட்கார்டு சான்றிதழ் போதாதா என்று யாராவது கேட்பார்கள். வேலை மிச்சம்தான். ஆனால் ஒரே பிரைவேட் கீ, அதாவது ரகசியச் சாவி, 40 பெட்டியில் உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு பெட்டியிலிருந்து அது வெளியே போனால் 40-ஐயும் மாற்ற வேண்டும். நான் அதன் பக்கமே போவதில்லை.

4. கடிகாரம்

சான்றிதழ் என்பது இரண்டு தேதிகளுக்கு நடுவில் வாழ்கிற பொருள். ஸ்விட்சின் கடிகாரம் தப்பாக இருந்தால் மற்ற எதையும் சரிபார்த்துப் பயனில்லை.

இங்கே மத்தியான இடி மின்னலில் மின்சாரம் ஒரு கணம் போய் வருவது சாதாரணம். யுபிஎஸ் இல்லாத மூலையில், லைன் ஓரத்துப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளைப் பாருங்கள். பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரியே கிடையாது. மறுபடி உயிர் வரும்போது பழைய சிஸ்கோ பெட்டிகள் சில 1993 மார்ச் 1 என்று எழுந்து நிற்கும். அந்தத் தேதியில் உங்கள் புதுச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அந்த நேரத்தில் ராட்செக் மாதிரி ஏதாவது அதை நம்பியிருந்தால் இணைப்பு எழாது.

ஆகவே நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி கட்டாயம். தொழிற்சாலை நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போக வழி இருக்காது. டொமைன் கன்ட்ரோலரையோ கோர் ஸ்விட்சையோ நேர மூலமாகக் காட்டுங்கள். ‘ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்’ அடித்து, ஒத்திசைந்துவிட்டது என்று வந்த பிறகுதான் அடுத்த படி.

நேர மண்டலத்தையும் பாருங்கள். மலேசியா உலக நேரத்துக்கு 8 மணி முன்னால். சிலர் மண்டலத்தை அமைக்காமல், கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை மட்டும் திருத்திவிடுவார்கள். ஸ்விட்ச் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொள்ளும். 8 மணி நேரம் முன்னே ஓடும். சான்றிதழுக்குள் இருக்கும் தேதிகள் உலக நேரத்தில் எழுதப்பட்டவை என்பதையும் மனத்தில் வையுங்கள். நள்ளிரவில் முடிகிறது என்று எழுதியிருந்தால் அது நமக்குக் காலை 8 மணி, எல்லோரும் வேலையைத் தொடங்கும் நேரம்.

5. தாள், அனுமதி, நாள் குறிப்பது

சான்றிதழ் மாற்றுவதால் ஸ்விட்ச் வழியாகப் போகும் தரவு நிற்காது. லைன் ஓடிக்கொண்டே இருக்கும். நிர்வாகப் பக்கம் மட்டும் சில விநாடி போய்வரும். இதை மாற்ற விண்ணப்பத்தில், சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்கிறார்களே அதில், முதல் வரியிலேயே எழுதுங்கள். உற்பத்தி மேலாளர் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். ராட்செக் இருக்கும் இடத்தில் மட்டும் இந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்விட்ச் பட்டியல், இப்போதைய கான்ஃபிக் (ஸ்விட்சின் அமைப்புகள்) நகல், திரும்பிப் போகும் வழி, சிஏ குழுவின் ஒப்புதல் மின்னஞ்சல், தேதியும் நேரமும் குறித்த அனுமதி. நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து போகும் ஒப்பந்தக்காரர் என்றால் கார்ட் ஹவுஸிலேயே அரைமணி நேரம் போகும். லேப்டாப்பின் சீரியல் எண்ணை எழுதுவார்கள், கைப்பேசிக் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், யுஎஸ்பியை உள்ளே விடமாட்டார்கள். சான்றிதழ்க் கோப்பை யுஎஸ்பியில் வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். உள்ளே எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று முந்தைய நாளே பேசிவையுங்கள். ஸ்விட்சோடு லேப்டாப்பை நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளை மட்டும் மறக்கவே கூடாது.

கால அளவு தோராயமாக: பட்டியலும் டிஎன்எஸ்-உம் ஒரு வாரம், மாற்ற அனுமதி ஒரு வாரம், கையெழுத்து இரண்டு மூன்று நாள். வெள்ளிக்கிழமைக்குள் என்று மேலாளர் சொன்னால் எந்த வெள்ளி என்று கேளுங்கள். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் ஆகியவற்றில் எந்த மாற்றத்துக்கும் அனுமதி கிடைக்காது.

முடிவு நாளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். சான்றிதழ் முடியும் தேதி ஜூலை, ஆகஸ்டில் விழும்படி ஆயுளைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். ஜனவரி, பிப்ரவரியில் விழுந்தால் ஒருபக்கம் சீனப் புத்தாண்டு, இன்னொரு பக்கம் தைப்பூசம். தண்ணீர்மலையில் படியேறிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தால் எடுக்கத்தான் முடியுமா?

6. சாவியும் சிஎஸ்ஆரும்

பிரைவேட் கீயை ஸ்விட்சிலேயே உருவாக்குங்கள். அது அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கட்டும். வெளியே போவது சிஎஸ்ஆர் என்ற விண்ணப்பம் மட்டும்தான்; அதில் ரகசியம் எதுவும் இல்லை, மின்னஞ்சலில் அனுப்பலாம்.

முதலில் ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ‘கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ’, ஒரு லேபிள், 2048 பிட். 4096 போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும். பழைய ஸ்விட்சில் அதை உருவாக்கவே நிமிடக்கணக்கில் ஆகும், பக்கமும் மெதுவாகத் திறக்கும். லேபிளில் வருடத்தைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை புதுச் சாவி போடும்போது எது பழையது என்று குழப்பம் வராது. லேபிள் கொடுக்காமல் அடித்தால் எஸ்எஸ்எச் பயன்படுத்தும் இருப்புச் சாவியையே மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு, கவனம்.

அடுத்து ‘கிரிப்டோ பிகேஐ டிரஸ்ட்பாயிண்ட்’ என்று ஒரு நம்பிக்கைப் புள்ளி (எந்தச் சிஏ, எந்தச் சாவி என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும் இடம்). அதற்குள் ‘என்ரோல்மென்ட் டெர்மினல் பெம்’, மேலே சொன்ன சாவியின் லேபிள், சப்ஜெக்ட் பெயர். நாட்டுக்குறி எம்ஒய், மாநிலம் புலாவ் பினாங், நிறுவனப் பெயர் எஸ்எஸ்எம் பதிவில் உள்ளபடியே, ‘செண்டிரியான் பெர்ஹாட்’ உட்பட. சிஏ-யின் ரத்துப் பட்டியலை ஸ்விட்ச் எட்ட முடியாத நெட்வொர்க்கில் ‘ரெவொகேஷன்-செக் நன்’ போட்டால்தான் வேலை நடக்கும். எட்ட முடியும் என்றால் சரிபார்ப்பை விட்டுவையுங்கள்.

‘கிரிப்டோ பிகேஐ என்ரோல்’ அடித்தால் திரையில் சிஎஸ்ஆர் வரும். அதில் எஸ்ஏஎன் இருக்கிறதா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை வைத்துத் திறந்து பாருங்கள். சில பழைய மென்பொருள் பதிப்புகள் அதைச் சேர்க்காது. அப்போது கையெழுத்திடும்போது சேர்க்கும்படி சிஏ குழுவிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

விண்டோஸ் சிஏ-யை நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்தோடு எஸ்ஏஎன்-ஐத் தனியாகக் கொடுக்க வசதியாக, ‘எடிட்எஃப் அட்ரிபியூட் சப்ஜெக்ட்ஆல்ட்நேம் 2’ என்ற அமைப்பைத் திறந்துவிடச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். திறக்காதீர்கள். திறந்துவிட்டால் விண்ணப்பிக்கும் உரிமை உள்ள எவரும் எந்தப் பெயரிலும், அட்மின் பெயரில்கூட, சான்றிதழ் வாங்க வழி பிறக்கும். ஒரு ஸ்விட்ச் பக்கத்தைப் பச்சையாக்க டொமைன் முழுவதையும் திறந்துவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

வெப் மெனு மட்டுமே உள்ள சின்ன ஸ்விட்சுகளில் சிஎஸ்ஆர் பொத்தானே இல்லாமல் இருக்கலாம். அங்கே சாவியை லேப்டாப்பில் உருவாக்கி, சான்றிதழோடு சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றி முடித்ததும் லேப்டாப்பில் உள்ள சாவியை அழியுங்கள். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் சக ஊழியருக்கு அனுப்பும் பழக்கம் இங்கே சகஜம். அனுப்பிய சாவி ரகசியச் சாவி இல்லை. புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.

7. சான்றிதழ் கைக்கு வந்ததும்

உடனே ஏற்றாதீர்கள். திறந்து பாருங்கள்: பெயர் சரியா, எஸ்ஏஎன் இருக்கிறதா, தேதிகள் கேட்டபடியா, கையெழுத்து ஷா-256 முறையிலா. கோப்பை நோட்பேடில் திறந்தால் ‘பிகின் சர்டிஃபிகேட்’ என்று தொடங்க வேண்டும். கிறுக்கலாக வந்தால் அது டெர் வடிவம். எழுத்தாகப் படிக்க முடிகிற பெம் வடிவத்துக்கு மாற்றுங்கள்.

அந்த முதல் வரியையும் கடைசி வரியையும் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து சின்னக் கோடுகள் இருக்க வேண்டும். மின்னஞ்சல் உடலில் ஒட்டி அனுப்பினால் சில மென்பொருள்கள் இரண்டு கோடுகளை ஒட்டி ஒரு நீளக் கோடாக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஸ்விட்ச் ‘சான்றிதழ் தவறு’ என்று துப்பிவிடும். கோப்பாக, ஜிப் (zip) போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

ஏற்றும் வரிசை: முதலில் ரூட் (சிஏ-யின் மூலச் சான்றிதழ்), அப்புறம் இடைநிலை (ரூட் கையெழுத்திட்ட, ஸ்விட்சின் சான்றிதழில் கையெழுத்திடுகிற சிஏ சான்றிதழ்), கடைசியில் ஸ்விட்சின் சொந்தச் சான்றிதழ். சிஸ்கோவில் ஒரு டிரஸ்ட்பாயிண்டுக்கு ஒரு சிஏ-தான். ஆகவே இரண்டடுக்குச் சிஏ என்றால் ரூட்டுக்கு ஒரு தனி டிரஸ்ட்பாயிண்ட் வேண்டும். ‘கிரிப்டோ பிகேஐ ஆத்தென்டிகேட்’ அடித்துச் சிஏ சான்றிதழை ஒட்டியதும் கைரேகை எண்ணைக் காட்டி ‘ஏற்கலாமா’ என்று கேட்கும். எல்லோரும் ‘யெஸ்’ தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சிஏ குழு தந்த கைரேகையோடு முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்துமாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் ‘கிரிப்டோ பிகேஐ இம்போர்ட்’.

கன்சோல் கேபிள் வழியாக நீளமான எழுத்துத் திரளை ஒட்டினால் 9600 வேகத்தில் நடுவில் எழுத்துகள் விழுந்துபோகும். எஸ்எஸ்எச் வழியாக ஒட்டுங்கள். கன்சோல்தான் வழி என்றால் டெரா டெர்ம் மென்பொருளில் வரிக்கு வரி சிறு தாமதம் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பிரவுசர் பழைய சான்றிதழையே காட்டும். வெப் சேவைக்கு இதைத்தான் பயன்படுத்து என்று நாம் இன்னும் சொல்லவில்லை. ‘ஐபி எச்டிடிபி செக்யூர்-டிரஸ்ட்பாயிண்ட்’ போட்டு, செக்யூர்-சர்வரை ஒருமுறை அணைத்து மறுபடி ஏற்றுங்கள். பிரவுசரில் சரியாக வருகிறது என்று பார்த்தபின் கான்ஃபிக்கைச் சேமியுங்கள். சேமிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த இடி மின்னலோடு உங்கள் வேலையும் போய்விடும்.

8. பிரவுசர் இன்னும் முறைத்தால்

குரோம் காட்டும் பிழையின் பெயரிலேயே விடை இருக்கிறது. ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால் உங்கள் கணினிக்கு அந்த ரூட் சான்றிதழ் தெரியாது, அல்லது ஸ்விட்சில் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கிறது. ரூட்டை விண்டோஸின் குரூப் பாலிசி வழியாக எல்லா அட்மின் கணினிகளுக்கும் தள்ளச் சொல்லுங்கள். டொமைனில் சேராத ஒப்பந்தக்காரர் லேப்டாப்பில் கையால் போட வேண்டும். ‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் பெயர்தான். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ‘டேட் இன்வேலிட்’ என்றால் சான்றிதழின் தேதிகளைப் பாருங்கள், உங்கள் லேப்டாப்பின் கடிகாரத்தையும் சேர்த்து.

‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் சான்றிதழில் குறை இல்லை. பெரும்பாலும் அந்த ஸ்விட்சுக்கு டிஎல்எஸ் 1.0 மாதிரிப் பழைய பதிப்பு மட்டும்தான் தெரியும், இன்றைய பிரவுசர்கள் அதைப் பேசுவதில்லை. மென்பொருளை மேம்படுத்துங்கள், மேம்படுத்த வழியில்லாத கிழவன் என்றால் வெப் சேவையை அணைத்துவிட்டு எஸ்எஸ்எச்-ஓடு விடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் சிஸ்கோ வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பழைய ஐஓஎஸ் பதிப்புகள் பலவற்றில் செல்ஃப்-சைன்ட் சான்றிதழ் எப்போது உருவாக்கினாலும் 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாக உருவாக்கவும் விடாது. கடிகாரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, மென்பொருளை மாற்ற வேண்டும். இல்லையென்றால் சிஏ கையெழுத்திட்ட சான்றிதழைப் போட வேண்டும்.

9. புதுப்பித்தல்

ஒரு எக்செல் தாள் போதும்: ஸ்விட்ச், சான்றிதழின் சீரியல் எண், யார் கொடுத்தது, முடியும் நாள், சாவியின் லேபிள், கடைசியாக மாற்றியவர். கார்டு பணம் கையாளும் நிறுவனம் என்றால் பிசிஐ டிஎஸ்எஸ் விதிப்படி கார்டு தரவு போகும் வழியில் உள்ள சாவி, சான்றிதழ்களுக்கு இப்படியொரு பட்டியல் 2025 மார்ச் 31-க்குப் பிறகு கட்டாயம். ஆடிட்டர் கேட்டதும் நீட்டலாம்.

நினைவூட்டலை 60 நாளுக்கு முன்பும் 30 நாளுக்கு முன்பும் வையுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைக்காதீர்கள். நீங்கள் வேலை மாறிப் போய்விட்டால் நினைவூட்டலும் உங்களோடு போய்விடும். குழுவுக்குப் பொதுவான அஞ்சல்பெட்டியில் வையுங்கள். இடைநிலை, ரூட் சான்றிதழ்களின் முடிவு நாளையும் அதே தாளில் எழுதுங்கள். இடைநிலை அடுத்த வருடம் முடிகிறது என்றால் அது கையெழுத்திட்ட எதுவும் அதைத் தாண்டி வாழாது.

ஸ்விட்ச் முப்பதுக்கு மேல் போனால் ஸ்விட்சே சிஏ-விடம் விண்ணப்பிக்கும் ஸ்கெப் என்ற நெறிமுறை வழியாகத் தானாகப் புதுப்பிக்க வையுங்கள். ‘ஆட்டோ-என்ரோல் 80 ரீஜெனரேட்’ என்று போட்டால் ஆயுளில் 80 விழுக்காடு கழிந்ததும் ஸ்விட்ச் புதுச் சாவியோடு தானே விண்ணப்பிக்கும். அதற்கு நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து சிஏ-வுக்கு ஃபயர்வாலில் வழி வேண்டும், அந்த வழிக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் தடவை ஒன்றிரண்டு ஸ்விட்சில் மட்டும் வைத்து, அது உண்மையில் புதுப்பிக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

10. ஸ்விட்ச் பழுதானால், கழித்துக்கட்டினால்

கான்ஃபிக் நகல் இருக்கிறது, புதுப் பெட்டி வந்ததும் அப்படியே ஒட்டிவிடலாம் என்று நினைப்போம். ஒட்டினால் சான்றிதழும் வந்துவிட்டது போலத்தான் தெரியும். பதினாறடிமான எண்கள் வரிவரியாக அங்கே இருக்கும். ஆனால் பிரைவேட் கீ அந்த நகலில் இல்லை. சாவி தொலைந்த பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாற்று ஸ்விட்ச் வந்தால் ஆறாம் படியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். பழைய சான்றிதழை ரத்துசெய்யச் சிஏ குழுவுக்கு எழுதுங்கள். மாற்று வேலைக்கு நேரம் கேட்கும்போது கையெழுத்துக்கான நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழுதான பெட்டியைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பும் முன், அது இன்னும் எழுந்து நிற்கும் நிலையில் இருந்தால், ‘கிரிப்டோ கீ ஜீரோயைஸ்’ அடித்துச் சாவிகளை அழித்துவிட்டு, கான்ஃபிக்கையும் அழியுங்கள். எழவே எழாது என்றால் அனுப்புவதா, உங்களிடமே வைத்து உடைப்பதா என்று பாதுகாப்புக் குழு முடிவு செய்யட்டும். அந்த முடிவை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கழித்துக்கட்டிய ஸ்விட்சுகளைத் தொழிற்சாலையின் பின்வாசலில் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் எடைக்குப் போட முடியாது. மின்னணுக் கழிவு என்பது எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்தான் எடுத்துப் போகலாம், இத்தகைய கழிவுகளைப் பதியும் இஸ்விஸ் அமைப்பில் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு நிறுவனத்தின் சுற்றுச்சூழல், பாதுகாப்புப் பிரிவு செய்வது. நீங்கள் கொடுக்க வேண்டியது சீரியல் எண் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சாவி அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பும், உங்கள் கையெழுத்தும்.